கைலிக்கு அடியில் சொன்னது

என் கோபத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள். மாணவர் கட்டுரைக்குக் கீழே நான் எழுதிய குறிப்பு ஒன்றுக்கு முந்நூறு ரூப்பியா. பாடாங் நகரத்தில் முந்நூறு ரூப்பியாவுக்கு எதுவும் வராது. எங்கள் கல்லூரி வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இரண்டாயிரம் கேட்கிறான். அந்த முந்நூறுக்குள் கோபம் மட்டும் அடக்கமில்லை. பாராட்டு, கிண்டல், கெஞ்சல், "இதை நீ எழுதவில்லை, உன் அண்ணன் எழுதினான், அவனை வரச் சொல்" என்று ஒருவனுக்கு எழுதிய வரி, எல்லாம் ஒரே விலைதான். சில்லறை பார்க்காத மொத்த வியாபாரம்.

நான் அஸ்னிதார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பருவத்துக்கு நூற்று நாற்பது பேர், ஆளுக்கு ஆறு கட்டுரை. என் அப்பா பாயகும்பு மாட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். அங்கே மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு கைலிக்கு அடியில் பிடித்துக்கொள்ளும், விரல்கள் பேசும். சுற்றி எத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஏமாந்தவனுக்கு ஊர் முன்னால் அவமானம் கிடையாது. கையை விட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு காகிதத்தில் எழுதிக் கொடு என்று கேட்பது எதிராளியின் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

மாணவர்களுக்கு நான் குறிப்பு எழுதியதும் இப்படித்தான். வகுப்பில் எவன் கட்டுரையையும் எடுத்துப் படித்துக் காட்டியதில்லை. கணினியில் கட்டுரைக்குக் கீழே என் குறிப்பைத் தட்டி, எழுதியவனுக்கு மட்டும் அனுப்புவேன். ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் சொல்வேன்: "நீங்க எழுதறது என் கைலிக்குள்ள இருக்கும். வெளிய வராது." கைலி கட்டாத பொம்பளை இப்படிச் சொல்வதைக் கேட்டுப் பையன்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் நம்புவார்கள். நம்பியதால்தான் எழுதினார்கள்.

என் குறிப்புகளில் சந்தை வாடை அடிக்கும். "கயிற்றைக் காட்டுகிறாய், மாடு எங்கே?" என்று எழுதுவேன். இரண்டு பக்க விஷயத்தை ஐந்து பக்கமாக்கியவனுக்கு, "விற்பதற்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி எடை ஏற்றியிருக்கிறாய்" என்று எழுதுவேன். இதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் இல்லாதவை. ஆனால் படித்தவன் அடுத்த முறை தண்ணீர் காட்ட மாட்டான்.

டெல்வினா போன வருஷம் என்னிடம் வந்தவள். பாயகும்புக்காரி, அம்மா சந்தையில் பலகாரம் விற்கிறாள். அப்பா பத்து வருஷத்துக்கு முன் பாத்தாம் தீவுக்குப் பிழைக்கப் போனவர். அவர் ஒவ்வொரு நோன்பு மாதமும் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார் என்று ஒரு கட்டுரை எழுதினாள். பிஸ்கட், துணி, பேரீச்சம்பழம். அக்கம்பக்கத்தார் பார்க்க அம்மா வாசலில் வைத்துத்தான் பிரிப்பாள், எல்லாருக்கும் பங்கு வைப்பாள். கட்டுரை நன்றாகத்தான் போனது. கடைசி வரியில் மட்டும், பெட்டியில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு அம்மா பலகாரப் பெட்டிக்குப் போடும் அதே இரட்டை முடிச்சில் இருந்தது என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து ஓடிவிட்டாள். அப்பா எதுவும் அனுப்பவில்லை. அம்மா தனக்குத் தானே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கட்டுரையை அனுப்பிவிட்டு நேரிலும் வந்து நின்றாள். எங்கள் ஊரில் ஆசிரியையை 'இபு' என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா என்பது போல.

"இபு, இத வேற யாரும் படிக்க மாட்டாங்கல்ல?"

"கைலிக்குள்ளம்மா."

அன்று அவளுக்கு எழுதினேன்: "அந்த முடிச்சு உன் அம்மாவின் முடிச்சு. அது உனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததைக் கடைசி வரியில் ஒளிக்காதே. அங்கிருந்து தொடங்கு." அவள் அங்கிருந்து தொடங்கினாள். அப்படி ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்து பல காலம் ஆகியிருந்தது. அதையும் அது போன்ற இன்னும் சிலவற்றையும் சேர்த்துப் பட்டத்துக்கான இறுதி ஏடாக எழுதலாம் என்று முடிவு செய்தோம். நான் வழிகாட்டி. இந்த ஜூனில் தேர்வாளர்கள் முன் அரங்கேற்றம். அவளால் அதை எழுத முடியும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் மட்டும்தான் எழுதுவாள் என்பதும் தெரியும்.

பெயர், ஊர், கயிறு எல்லாவற்றையும் இங்கே மாற்றித்தான் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு அவளைத் தேடிப் பாயகும்பு சந்தைக்குப் போகிறவர்களுக்கு நல்ல பலகாரம் கிடைக்கும். அவள் கிடைக்க மாட்டாள்.

இஸால் வந்தது அதற்குப் பிறகு. இஸாலும் என் பழைய மாணவன்தான். இப்போது கல்லூரியின் கணினிப் பிரிவுக்குத் தலைவன். காரியம் இருந்தால் என்னை 'உனி' என்பான், அதாவது அக்கா. காரியம் இல்லாவிட்டால் 'இபு அஸ்னிதார்'. அன்று வாசலிலேயே உனி என்று கூப்பிட்டபடி, மிளகாய் தடவிய மரவள்ளி வறுவல் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தான்.

"உனி, உங்க பதவி உயர்வு எத்தன வருஷமா இழுக்குது?"

"நீ படிக்கும்போதே இழுத்துக்கிட்டு இருந்தது. ஏன், நீ தள்ளி விடப் போறியா?"

"உங்களுக்குப் புள்ளி குறையுது. ஆராய்ச்சி இல்ல, மாநாடு இல்ல. ஆனா குறிப்பு எழுதியிருக்கீங்கல்ல? உங்கள மாதிரி எழுதினவங்க இந்தக் கல்லூரியிலயே கிடையாது. அதையெல்லாம் குடுங்க, எண்ணிக் கணக்குக் காட்டறேன். அதுவே ஒரு சாதனை உனி."

"எண்ணறதுக்கு மட்டும்தானே?"

"வேற எதுக்கு? உக்காந்து யாரு படிக்கப் போறா?"

"அதுவும் சரிதான். எழுதி வாங்கினவனே பாதி பேரு படிக்கறதில்ல."

சிரித்தான். கையை நீட்டினான். பிடித்தேன், விட்டேன். என் கணினியில் பதினோரு வருஷக் குறிப்புகளும் கட்டுரையோடு ஒட்டிக் கிடந்தன. அவன் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தான். திரை நிறையப் பொடி எழுத்து. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். கையைக் கொடுத்தவன் பக்கத்திலேயே நிற்கும்போது அந்தப் பொடி எழுத்தை வரி வரியாகப் படித்தால் அவனை நான் என்னவென்று நினைக்கிறேன் என்று அர்த்தம்? சந்தையில் பிறந்தவளுக்கு அது வரவில்லை. அழுத்தினேன்.

அடுத்த பருவம் 'கவான்' வந்தது. கவான் என்றால் தோழன். மாணவன் கட்டுரையை ஏற்றினால் அரை நிமிஷத்தில் திருத்தம், குறிப்பு, மதிப்பெண் எல்லாம் தருகிற இயந்திரம். கல்லூரியும் ஜகார்த்தா கம்பெனி ஒன்றும் சேர்ந்து செய்தது. இரண்டு பருவத்துக்கு இலவசம்.

ஆசிரியர் அறையில் முதலில் மலர்ந்தது பாக் பஹ்தியாரின் முகம். பாக் என்றால் ஐயா. இலக்கணம் எடுப்பவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

"முற்றுப்புள்ளி வெச்சு வெச்சே என் கண்ணு போச்சு. இப்ப அதுவே வெக்குது. நான் காபி குடிக்கறேன்."

"நீங்க முன்னாடியும் காபிதான் குடிச்சீங்க, பாக்."

"முன்னாடி குற்ற உணர்ச்சியோட குடிச்சேன்."

"அது சரி, பையன் ஏன் அந்தத் தப்பப் பண்ணினான்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் தெரியாதே, இத்தன வருஷமா என்ன குறைஞ்சு போச்சு?"

மாணவர்களுக்கும் கொண்டாட்டம்தான். ரஃப்கி என்று ஒருவன், அவனும் பாயகும்புப் பையன். மாலையில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்து அந்தப் பணத்தில் படிப்பவன். அவன்தான் வகுப்பின் வாய்.

"இபு, கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட குடுத்தா பத்து நாளாகுது. இதுகிட்ட குடுத்தா நான் ஹெல்மெட் மாட்டறதுக்குள்ள வந்துருது. ஒரே பத்திய ஒன்பது தடவ மாத்தி மாத்திக் குடுத்தேன், மூஞ்சிய சுளிக்கவே இல்ல."

"அதுக்கு மூஞ்சியே இல்லையேடா."

"அதான் இபு சௌகரியம். பெருமூச்சு விடாது."

"நான் பெருமூச்சு விடறேனா?"

வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில், ஒத்திகை பார்த்தது போல, ஒரு பெருமூச்சு விட்டது. நானும் சிரித்துவிட்டேன். அச்சு அசலாக என்னுடையது.

டெல்வினா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வந்து, "எனக்கு லேட்டானாலும் பரவால்ல இபு. நீங்களே பாருங்க" என்றாள். ஏட்டின் முதல் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். மற்றவர்களின் பத்து நாளுக்கு நடுவே அவளுடையதை அன்றைக்கே படித்தேன்.

ஒரு மாதம் கழித்து ரஃப்கி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். இவனுக்குச் சாத்துகிற பழக்கமே கிடையாது.

"இபு, ஒண்ணு கேக்கவா? நீங்களும் கவானத்தான் யூஸ் பண்றீங்களா?"

"என்னடா உளர்றே?"

"நீங்க நேத்து எனக்கு எழுதினீங்கல்ல, மாட்டுக்குத் தண்ணி காட்டி எடை ஏத்திட்டேன்னு. அதே வரி போன வாரமே கவான் பி பிரிவுல ஒருத்தனுக்கு எழுதியிருக்கு. பாருங்க." போனை நீட்டினான். அதே வரிதான். முற்றுப்புள்ளி உட்பட. "பரவால்ல இபு, எல்லாரும் பண்றதுதான். நாங்களும் பண்றோம். ஆனா கொஞ்சம் மாத்தியாவது எழுதியிருக்கலாம்."

என் சொந்தச் சொல்லை நான் காப்பி அடித்தேன் என்று எனக்கே மன்னிப்பு வழங்கிவிட்டுப் போனான். பெருந்தன்மையான பையன்.

உடனே இஸாலுக்குப் போன் போட்டேன். அவன் குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா உனி! நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்கதான் கவானுக்கு முதுகெலும்பு. மத்தவங்க குறிப்பெல்லாம் 'நன்று', 'கவனம் தேவை'. உங்களோடதுலதான் உப்பு காரமெல்லாம் இருக்கு."

"எண்ணறதுக்குன்னு கேட்டே."

"எண்ணினோமே! எண்ணித்தான் மதிப்புப் போட்டோம். குறிப்புக்கு முந்நூறு. கல்லூரியோட பங்குன்னு கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டான்."

"முந்நூறா? சந்தையில சாணிகூட அதுக்கு மேல போகும். ஐநூறாவது கேட்டிருக்க வேணாமா?"

"அடுத்த ஒப்பந்தத்துல கேட்டு வாங்கறேன் உனி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போனை வைத்தோம். ஊர் முழுக்க என் நாக்கில் பேசுகிறது என்பதில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனவனிடம் நின்று நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கணினி அறையில் வகுப்பு. ரஃப்கி தன் பார்சல் வேலையைப் பற்றி எழுதியிருந்தான்: நோன்பு மாதத்தில் மகன் அனுப்பும் பெட்டிக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி. அதைக் கவானில் ஏற்றிவிட்டுப் பதில் வந்ததும் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தான்.

"டேய், கேளுங்கடா. கவானுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு." திரையைப் பார்த்து என் குரலை வைத்துக்கொண்டு படித்தான். "'அந்த முடிச்சு உன் அம்மாவின் முடிச்சு. அது உனக்கு முதல் நாளே தெரியும்.' எங்கம்மாவுக்கு ஷூ லேஸே முடிய வராது!"

வகுப்பு சிரித்தது. நான் எழுந்தேன்.

"ரஃப்கி, போதும், நிறுத்து."

"இருங்க இபு, இன்னும் இருக்கு. நான் அம்மான்னே ஒரு வார்த்த எழுதல, பாருங்க. 'தெரிந்ததைக் கடைசி வரியில் ஒளிக்காதே. பாத்தாமிலிருந்து வந்த பெட்டியில் உன் அம்மாவின் சிவப்புக் கயிறு எப்படி...'"

அங்கே அவன் குரல் தானாக இறங்கியது. அவன் அம்மா பாயகும்பு சந்தையில் மிளகாய் விற்பவள். பக்கத்துக் கடை டெல்வினாவின் அம்மாவுடையது. பாத்தாம் பெட்டியைப் பிரிக்கிற நாளில் அந்த வாசலில் நின்று பிஸ்கட் வாங்கித் தின்று வளர்ந்தவன் அவன். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரஃப்கி டெல்வினா பக்கம் திரும்பவில்லை. நல்ல பையன், தரையைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்ததைத்தான் டெல்வினா பார்த்தாள்.

அவள் தன் கணினியை அணைத்தாள். முறையாக, ஒவ்வொரு சாளரமாக மூடி. பையை எடுத்துக்கொண்டு, "வரேன் இபு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் ஓடிப் பிடித்தேன்.

"டெல்வினா, நில்லும்மா."

நின்றாள். "இபு இத யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லல. சத்தியமா."

"அப்ப அதுக்கு எப்படித் தெரியும்?"

"என் பழைய குறிப்பெல்லாம் கேட்டாங்க. எண்ணறதுக்குன்னு சொன்னாங்க, குடுத்தேன். இப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்கு..."

"உங்க குறிப்பா?"

"நான் எழுதினதுதானே, அதனால..."

"எழுதினது நீங்க. அதுக்குள்ள இருந்தது எங்கம்மா."

 பாதி நூற்றாண்டு பேசிப் பழகிய வாய் பேரத்துக்கு இறங்கியது.

"ரஃப்கி வெளிய சொல்ல மாட்டான். நான் அவன்கிட்ட பேசறேன்" என்றேன்.

"சொல்ல மாட்டேன்னு நீங்களும்தான் சொன்னீங்க, இபு." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கம்மாவுக்கு அந்தக் கட்டுரையப் பத்தித் தெரியாது. நான் கண்டுபிடிச்சது அவங்களுக்குத் தெரியாது. தெரியாம இருக்கணும்னுதான் உங்ககிட்ட எழுதினேன். எங்கயாவது ஒரு இடத்துல சொல்லிடணும்னு இருந்தது."

"ஏட்ட விட்டுறாத. நாம ரெண்டு பேரும் உக்காந்து..."

"இனிமே நான் கவான்கிட்டயே குடுத்துக்கறேன்."

"அதுகிட்டயா? அதுதானேம்மா உன்ன..."

"அது எனக்கு எந்த வாக்கும் குடுக்கல, இபு."

இஸாலின் அறை முழுக்கக் கண்ணாடி. வெளியே நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க இபு அஸ்னிதார்."

நடந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினான், வைத்தியர் ஆட்டுவது போல.

"பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் போட்டோம் இபு. ஒரு மாணவன் பேருகூட உள்ள கிடையாது."

"குறிப்போட ஒட்டியிருந்த கட்டுரையையும் சேத்து ஏத்தியிருக்கீங்க. பேர எடுத்துட்டு ஊர விட்டுட்டீங்க. பாத்தாம் இருக்கு, பெட்டி இருக்கு, செவப்புக் கயிறு இருக்கு. அந்தக் கயித்த சந்தையே பாத்திருக்கு."

"அது கத்துக்கணும், மனப்பாடம் பண்ணக்கூடாது. எப்பவாவது ஒண்ணு ரெண்ட அப்படியே கக்கிருது. எல்லா இடத்துலயும் இருக்கற பிரச்சினைதான்."

"எடுத்துடு. என்னோடது மொத்தத்தையும் வெளிய எடு."

"கலந்தது கலந்ததுதான் இபு. ரெண்டாங் கறில ஊத்தின தேங்காப்பால எப்படித் திருப்பி எடுக்கறது?"

"தேங்கா என் மரத்துது. என்னக் கேக்காம யாரு ஏறினான்னு கேக்கறேன்."

"கேக்காமயா?" முகத்தில் உண்மையாகவே ஒரு வருத்தம் வந்தது. "ஒத்துக்கறேன்னு நீங்கதான் அழுத்தினீங்க. தேதியோட பதிவு இருக்கு இபு. காட்டவா?"

கையைக் கொடுத்த பிறகு காகிதத்தை எடுத்துக் காட்டுகிற ஆளை எங்கள் சந்தையில் மறு வாரம் உள்ளே விட மாட்டார்கள். சந்தையை விட்டு வந்து நானும்தான் வெகு நாளாகிறது. எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் பதினோரு வருஷம் என்பது மனதில் தட்டியது. இஸால் என்னிடம் படித்தது அந்தப் பதினோரு வருஷத்தின் முதல் வருஷம்.

"இஸால், உன் கட்டுரைகளுக்கு நான் எழுதின குறிப்பும் அதுக்குள்ள இருக்கா?"

கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களை ஒரு முறை பார்த்தான்.

"உங்கப்பாவப் பத்தி எழுதினியே. ரெண்டு கட்டுர. ரெண்டுக்கும் நான் நீளமா எழுதினேன்."

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். உட்காரவில்லை.

"அத நான் முன்னாடியே பாத்து எடுத்துட்டேன், உனி."

"எப்ப?"

"ஏத்தறதுக்கு முன்னாடி."

"வேற யாரோடதெல்லாம் எடுத்தே?"

மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தான். "என்னோடது மட்டும்தான்."

என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து, தன் அப்பாவை மட்டும் வெளியே இழுத்து வைத்துவிட்டு, மற்றவர்களின் அப்பா அம்மாவை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டியிருக்கிறான். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கும்படி அவன் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். கதவு சாத்தியிருந்தாலும் கண்ணாடி மெல்லியதுதான். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கு அவன் நல்லவன் என்பதற்காகக் கொடுத்ததில்லை.

"அப்ப உனக்கு ஒரு கைலி இருந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. குறை சரிசெய்யப்பட்டுவிட்டதாம். எப்படி என்று விசாரித்தேன்: 'முடிச்சு', 'பாத்தாம்' என்ற இரண்டு சொற்களையும் கவான் இனி உச்சரிக்காதபடி செய்துவிட்டார்கள். பாத்தாமிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் தன் ஊரைப் பற்றி ஏழு பக்கம் எழுதி ஏற்றினாள். வெள்ளைத் திரை வந்தது. அவள் ஊரே இல்லை என்று இயந்திரம் சாதித்தது.

ரஃப்கியை அழைத்துப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவனே தாழ்வாரத்தில் வழிமறித்தான்.

"நீங்க கேக்கவே வேணாம் இபு. எங்கம்மாகிட்டகூட சொல்லல."

"கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"தெரியும். அதான் முந்திக்கிட்டேன்." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான்: "நான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா இபு, நான் படிச்சது உங்க வரி." அவனும் இப்போது எனக்குத் தருகிற கட்டுரைகளில் கிழவி கிடையாது, பெட்டி கிடையாது. சாலை விதிகளைப் பற்றி எழுதுகிறான்.

டெல்வினா வழிகாட்டியை மாற்றிக்கொண்டாள். பாக் பஹ்தியார். காபிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து அவரே சொன்னார்.

"நீங்க விட்ட பொண்ணு எனக்கு அதிர்ஷ்டம். ஒரு காற்புள்ளி தப்பு கிடையாது."

"எதப் பத்தி எழுதறா?"

"ஆத்துல பிளாஸ்டிக் கழிவு."

"அம்மாவப் பத்தி எதுவும்...?"

"பிளாஸ்டிக்ல அம்மா எங்கேர்ந்து வருவாங்க?" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நானும் சிரித்து வைத்தேன்.

ஜூனில் அரங்கேற்றம் நடந்தது. இரண்டாம் தேர்வாளராக என்னைப் போட்டிருந்தார்கள், விதி அப்படி. ஏட்டை இரண்டு முறை படித்தேன். மனிதர் ஒருவர்கூட இல்லாத ஏடு. ஆறு ஓடுகிறது, பை மிதக்கிறது, அட்டவணை வருகிறது. கவான் தொண்ணூற்றொன்று கொடுத்திருந்தது. "தெளிவான தொடக்கம். சிறப்பான அமைப்பு" என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தது, யாரிடம் கற்றதோ, என்னிடம் இல்லை.

கேள்வி கேட்க என் முறை வந்தது. டெல்வினா கைகளை மேசைமேல் சேர்த்து வைத்துக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத அதிகாரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"இந்த ஏட்டை எழுதும்போது, எழுதாம விட்டது ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல, இபு. கேட்டதெல்லாம் எழுதியிருக்கேன்."

"வேற கேள்வி இல்ல" என்றேன்.

"நன்றி, இபு."

மற்றவர்கள் கைதட்டினார்கள். வாசலில் அவள் அம்மா பூங்கொத்தோடும் பலகாரப் பெட்டிகளோடும் காத்திருந்தாள். தேர்வாளர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி. எனக்கும் தந்தாள், இரண்டு கையாலும். "எம்பொண்ண நல்லா பாத்துக்கிட்டீங்க இபு" என்றாள். டெல்வினா பக்கத்திலேயே நின்றாள்.  எதையும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாள்.

கணக்கைப் பார்த்துவிடுகிறேன். கல்லூரிக்கு வரவு, என்னைப் போலப் பேசும் ஓர் இயந்திரம். இஸாலுக்கு ஜகார்த்தாவில் ஒரு நாற்காலி. போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் அப்பாவும் பத்திரம். பாக் பஹ்தியாருக்கு ஒரு நல்ல மாணவி. எனக்குப் பதவி உயர்வு. புள்ளி போதும் என்று கடிதம் வந்துவிட்டது. ரஃப்கிக்குச் செலவு, அவன் கேட்டு வாங்காத ஒரு ரகசியம். வட்டி இல்லாமல் சுமக்கிறான். டெல்வினாவுக்குத் தொண்ணூற்றொன்று வரவு, எழுதாமல் போன ஒரு புத்தகம் செலவு. அவள் பெயரில் என் பக்கம் நிற்பது ஒரு வாக்கு. அதைத் திருப்பிக் கொடுக்க நான் தயார். வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.